இரண்டு விரல்களுக்கு ஒரு நிறம்

மார்ச் 18, திங்கள்

பதினான்கு வருடம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்த ஹெப்சிபா இன்று முதல் விரல் செய்கிறாள். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அச்சகத்தை விட்டது பற்றிக் கேட்பவர்களிடமெல்லாம் "போரடிச்சுட்டு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவே போதும்.

கனி அண்ணனின் கூடம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. விபத்தில் விரல், காது, மூக்கு இழந்தவர்களுக்கு சிலிக்கானில் செய்து கொடுக்கிறார். ரேகை, நகம், மூட்டுச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். நிறம்தான் தகராறு. இத்தனை நாள் கண் மதிப்பில் கலந்து வந்தவருக்குப் புரை ஆபரேஷன் ஆன பிறகு உலகமே கொஞ்சம் நீலமாகத் தெரிகிறதாம். அதனால் தீப்பெட்டி அளவில் ஒரு நிறமானி வாங்கியிருக்கிறார். தோலில் வைத்து அமுக்கினால் மூன்று எண்கள் வரும். எல் என்பது வெளிச்சம். ஏ என்பது சிவப்பு. பி என்பது மஞ்சள்.

"இந்த மூணு நம்பர வச்சு கம்ப்யூட்டர்ல நெறத்த எடுத்துத் தந்துருவியாம்மா?" என்றார்.

"அதான்ணே நான் தெனமும் செஞ்ச வேல," என்றேன்.

வாய்தான் முந்திக்கொள்கிறது. மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மார்ச் 19, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. மிக்ஸி ஜார் இன்னும் ரிப்பேர் கடையில். சட்னி இல்லாத தோசை.

மார்ச் 21, வியாழன்

பயிற்சி. கனி அண்ணன் கையை ஆறு இடத்தில் அளந்தேன். டீ கொண்டு வந்த அக்காவை நிறுத்தி அவர் கையையும் அளந்தேன். "எனக்கு எத்தன மார்க்?" என்று கேட்டார். "வெளிச்சத்துக்கு நாப்பத்தொண்ணு," என்றதும், "பாஸாயிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே கையில் புறங்கைக்கும் விரல் மூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பதினான்கு வருடம் நிறத்தோடு பிழைத்தும் இதை நான் கவனித்ததே இல்லை.

"ஒன் கையையும் அளந்து வச்சுக்கோ. சோதனைக்கு ஒதவும்," என்றார் அண்ணன். சார்ஜ் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை ஏன் என்றும் கேட்டார். ஏசி ஒத்துக்கொள்ளாது என்றேன். கூடத்தில் ஏசி கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 25, திங்கள்

முதல் ஆள் வந்தாயிற்று. பெயர் உலகம்மை. முப்பது வயது இருக்கும். டவுனில் பார்லர் வைத்திருக்கிறாள், மணப்பெண் அலங்காரம் செய்பவள். போன வருடம் கடை ஷட்டர் அறுந்து விழுந்ததில் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. அடிக்கட்டை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விரலை உறை போல அதில் மாட்டி, சேரும் இடத்தை மோதிரத்தால் மறைத்துவிடலாம்.

"மேக்கப்புக்கு மூணு வெரலு போதும்க்கா. ஆனா பொண்ணோட அம்மாமாரு என் கையத்தான் பாக்காவ. 'நல்ல காரியத்துக்கு இது எதுக்கு'ன்னு ஒருத்தி என் காதுபடச் சொன்னா. அதோட கல்யாண மேக்கப் போர்ட கழத்திட்டேன்."

இதை அழாமல், நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏப்ரல் 26 அன்று அவள் தங்கை முப்பிடாதிக்குக் கல்யாணம். தங்கைக்குத் தானேதான் அலங்காரம் செய்ய வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அதுதான் கணக்கு.

"ஒரு மாசம் இருக்குல்லா, தங்கச்சி. ஜமாய்ச்சிருவோம்," என்றார் கனி அண்ணன்.

உலகம்மை என்னைப் பார்த்தாள். "நெறம் யாரு பாக்கா? நீங்களா? நான் தோலு பாத்துப் பொழைக்கிறவ. ஏமாத்த முடியாது, சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மார்ச் 28, வியாழன்

அவமானம்.

உலகம்மையின் இடது கை விரல்களை அளந்து, எண்களை டிசைன் மென்பொருளில் போட்டு, அச்சகப் பழக்கத்தில் கை தானாகவே அடுத்த பட்டனையும் அமுக்கிவிட்டது. எல்-ஏ-பி எண்களை அச்சு மையின் நான்கு நிறங்களுக்கு மாற்றி, சியான் இத்தனை, மெஜந்தா இத்தனை என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதே விகிதத்தில் நிறமிகளைக் கலந்து ஊற்றினார். வெளியே வந்தது கருப்பட்டி மிட்டாய்.

"ஏம்மா, இந்தக் கணக்கு எதுக்குள்ளது?"

"அச்சுக்குண்ணே. வெள்ளக் காகிதத்து மேல மை விழுந்தா எப்பிடித் தெரியும்ங்கிற கணக்கு."

அண்ணன் அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுக்குள்ள காகிதம் எங்க இருக்கு?"

இனி நான்கு நிறக் கணக்குப் பக்கமே போகக் கூடாது. நிறமிக் கம்பெனி கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு கலவைக்கும் எல்-ஏ-பி எண் இருக்கிறது. நூற்று இருபது கலவை. எல்லாவற்றையும் மென்பொருளில் கட்டம் கட்டமாக ஏற்றி, தோலின் எண்ணுக்கு எது பக்கம் என்று பார்ப்பதுதான் வழி.

கருப்பட்டி விரலை அண்ணன் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறார். என் மேசையில்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். அதிகாலை ஆராதனை. பாட்டுப் பாடும்போது முன் வரிசையில் இருந்தவர்களின் கழுத்துகளைப் பார்த்து எண் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

ஏப்ரல் 3, புதன்

இரண்டாவது மாதிரி. கருப்பட்டி இல்லை, தோல்தான். ஆனால் உலகம்மையின் தோல் இல்லை. நிறமானியை வைத்தேன். அவள் விரலில் சிவப்பு 11.8. மாதிரியில் 10.3.

"செவப்பு ஒன்றரை கொறையுதுண்ணே. சொட்டு கம்மியா விட்டுட்டீங்களோ?"

"என் தராசு மில்லிகிராம் காட்டும்."

"தராசு காட்டும்ணே, கை நடுங்கிருக்கும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மதியம் வரை அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் வீட்டு இடியாப்பத்தில் பாதியை என் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, "நடுங்கல," என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

மூன்றாவது மாதிரி. அண்ணன் எடை போடும்போது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு துளி பிசகவில்லை. ஆனாலும் அதே ஒன்றரை குறைகிறது. கை தவறு என்றால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது ஒரே மாதிரி அல்லவா குறைகிறது?

நிறமானி மேல் சந்தேகம் வந்து, அதோடு சோதனைக்கு வந்த வெள்ளை ஓட்டுத் துண்டை அளந்தேன். அது சரியாகத்தான் காட்டுகிறது. குத்துமதிப்பாகச் சிவப்பைக் கூட்டிப் பார்த்தால் புறவிரலுக்குப் பொருந்துகிறது, மூட்டில் அடிபட்டுச் சிவந்த மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் உலகம்மை வந்தாள். மாதிரியைத் தன் சுண்டுவிரல் இருந்த இடத்தில் வைத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்ல வெரலுதான்க்கா. ஆனா பக்கத்து வீட்டுக்காரி வெரலு. ரத்தம் ஓடல."

"ஒன்றரைதான் கொறையுது, உலகம்மை."

"ஒன்றரையோ ஒண்ணே காலோ, பொணத்துக்கும் நமக்கும் அம்புட்டுதான வித்தியாசம்?" பிறகு நிறமானியைக் கையில் எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தாள். "இது எந்த லைட்டுல பாக்கும்?"

"என்னது?"

"என்கிட்ட பொண்ணு வந்தா நான் கேக்க மொதக் கேள்வியே முகூர்த்தம் காலையிலயா, ரிசப்சன் ராத்திரியான்னுதான். வெயிலுக்கு ஒண்ணு, லைட்டுக்கு ஒண்ணு போடணும். இது உள்ளுக்குள்ள எந்த வெளிச்சத்த வச்சுக்கிட்டு நம்பர் சொல்லுது?"

கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கண்டுபிடித்தாயிற்று! காலை டிபன்கூட சாப்பிடாமல் கையேட்டைப் படித்தேன்.

நிறமானிக்குள் ஒரு அமைப்பு இருக்கிறது. அது டி65 என்ற வெளிச்சத்தில் எண் சொல்லுகிறது. நடுப்பகல் வானத்து வெளிச்சம், கொஞ்சம் நீலம் கலந்தது. டிசைன் மென்பொருளோ எந்த எல்-ஏ-பி எண்ணைக் கொடுத்தாலும் அதை டி50 வெளிச்சத்து எண் என்று எடுத்துக்கொள்கிறது. அது கொஞ்சம் மஞ்சளான வெளிச்சம். நிறமிப் பட்டியலும் டி50. ஒருவன் அடியில் சொன்ன அளவை இன்னொருவன் முழம் என்று எழுதிக்கொண்ட கதை. வெள்ளை ஓடு எந்த வெளிச்சத்திலும் வெள்ளை. அதனால்தான் அது காட்டிக்கொடுக்கவில்லை. தோல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அமைப்பை மாற்றி உலகம்மையை வரச் சொல்லி மறுபடி அளந்தேன். சிவப்பு 13.4. மஞ்சள் 19.6. புது எண்ணுக்குப் பட்டியலில் வேறு கலவை வந்து நின்றது.

கனி அண்ணனிடம் போய், "ஒங்க கை நடுங்கலண்ணே," என்றேன்.

"தெரியும்," என்றார்.

அச்சகத்திலும் இதே மாதிரி ஒன்றில்தான் மாட்டினேன். நானூறு பத்திரிகை, குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் வந்தது. மிஷின் ஓட்டியவரைத்தான் குறை சொன்னேன். அவரும் இப்படித்தான் "தெரியும்" என்று நினைத்திருப்பாரோ? கோளாறு என் ஃபைலில்தான் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. "போரடிச்சுட்டு" என்பது அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

நான்காவது மாதிரி.

உலகம்மை அதை மாட்டிக்கொண்டாள். டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தாள். ஜன்னலோரம் பார்த்தாள். மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் பார்த்தாள். நானும் அண்ணனும் பின்னாலேயே ஏறினோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒருமுறை. கடைசியில் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறிவிட்டேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இடுக்கு அடைஞ்சிருக்குக்கா. இங்க ஓட்டையால்லா இருந்துச்சு."

கீழே வந்ததும் கனி அண்ணன், "மூணு மாசம்னு ஒரு பேச்சு சொன்னேன்லா, அத மறந்துரு," என்றார். மிக்ஸி ஜாரும் இன்று வந்துவிட்டது. நல்ல நாள்.

ஏப்ரல் 17, புதன்

மதியம் கரண்ட் இல்லை. கூடம் அடுப்பாக இருந்தது. அச்சுகளைக் கழுவும்போது யோசிக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டேன். உலகம்மை நகத்துக்கு நிறம் பார்க்க எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. நான் துணியை இழுத்துவிடுவதற்குள், "அக்கா, கைய நீட்டுங்க," என்றாள்.

அவள் குரலில் இரக்கம் இருந்திருந்தால் நீட்டியிருக்க மாட்டேன்.

பத்தொன்பது வயதில் ஒரு புள்ளியாகத் தொடங்கியது. இப்போது முழங்கை வரை தீவு தீவாக வெள்ளை. வலிக்காது, ஒட்டாது. மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அவள் துணி பார்ப்பது போலக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "எத்தன நம்பர்?"

"அளக்கல."

"எங்க கைய எல்லாம் அளந்தீங்கல்லா? டீக்கார அக்காவக்கூட விடல." நிறமானியை அவளே எடுத்து வெள்ளையில் வைத்தாள், பக்கத்துப் பழுப்பில் வைத்தாள். வெளிச்சம் 83, 49. "இத மறைக்கணும்னா எனக்குப் பத்து நிமிசம் வேல. மறைக்கட்டா?"

"வேண்டாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த நிமிடம் வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, நகத்துக்கு எந்தக் கலர்?" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணி நேரம் இளஞ்சிவப்பு வகைகளைப் பற்றிச் சண்டை போட்டோம்.

ஏப்ரல் 18, வியாழன்

அரைக்கைச் சட்டை. வெயில்தான் காரணம், முப்பத்தொன்பது டிகிரி.

ஏப்ரல் 22, திங்கள்

இந்தப் பெண்ணை என்ன செய்வது? கல்யாணத்துக்கு நான்கு நாள். கடைசி ஊற்றுக்கு முன் ஒருமுறை அளந்துகொள்வோம் என்று கையை வாங்கினால், வெளிச்சம் இரண்டரை குறைந்திருக்கிறது. கறுத்துவிட்டாள்.

"எங்க போன?"

"பத்திரிக வைக்கதான்க்கா. தென்காசி, ஆலங்குளம், சேரன்மாதேவி. ஸ்கூட்டியில போனேன்."

"கையுறை?"

"பத்திரிக வைக்கப் போற வீட்டுக்குக் கையுறை போட்டுக்கிட்டா போவாவ?"

கனி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புது எண் போட்டு, புதுக் கலவை எடுத்து, மறுபடி ஊற்றியிருக்கிறோம். கல்யாணம் வரை வெயிலில் இறங்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். மீதிப் பத்திரிகையை மாமா கொண்டு போகிறார்.

ஏப்ரல் 25, வியாழன்

விரல்களை எடுத்துச் சென்றாள். நான்கு கண் பார்த்தும் சேரும் கோடு தெரியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. விடியும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டேன். பச்சைப் புடவை, அரைக்கை ரவிக்கை.

மணப்பெண் அறையில் முப்பிடாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, அத்தை எல்லாரும் சுற்றி நின்றார்கள். உலகம்மை மோதிரங்களோடு, ஐந்து விரலும் நிறைந்த கையோடு உள்ளே நுழைந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தங்கையின் கன்னத்தில் கை வைத்தாள். ஒருமுறை தடவினாள். மறுமுறை தடவினாள். நிறுத்தினாள்.

"அக்கா, கைய நீட்டுங்க."

இரண்டு விரலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அத்தனை பேர் முன்னால்.

"என்னடி பண்ணுத?" என்றேன், மெதுவாக.

"நடுவுல ஒண்ணு கெடந்து இடிக்குக்கா. கைக்கு மொகம் தெரிய மாட்டுக்கு."

மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஒரு மாதம் எண்ணோடு மல்லுக்கட்டியதெல்லாம் இந்த ஒரு பார்வைக்காகத்தானே! உலகம்மை மூன்று விரலால் தங்கையின் புருவத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கும் லேசா ஏதாச்சும் போட்டு விடுதியாம்மா? பவுடர் திட்டுத் திட்டா நிக்கி," என்றார்.

முதலில் எனக்கு மனசு சுருங்கத்தான் செய்தது. விரல்களைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூலையில் நின்றேன். ஆனால் அவள் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க அது போய்விட்டது. முப்பிடாதியின் முகம் வெள்ளையடித்த மாதிரி ஆகவில்லை. முப்பிடாதியாகவே, இன்னும் கொஞ்சம் முப்பிடாதியாக இருந்தாள்.

மேடைக்குப் போகுமுன் உலகம்மை விரல்களை வாங்கி மாட்டிக்கொண்டாள். படம் எடுக்கும்போது தூரத்துச் சித்தி ஒருத்தி வந்தாள். "ரப்பர் வெரலு வச்சிருக்கியாமே, காட்டு," என்று இடது கையைப் பிடித்துச் சுண்டுவிரலை அமுக்கிப் பார்த்தாள். "ஏ யப்பா! ரப்பருகூட இந்தக் காலத்துல சூடா இருக்கு!"

உலகம்மை சொந்த விரலை விடுவித்துக்கொள்ளாமல், "ஆமா சித்தி, உள்ள பேட்டரி இருக்கு," என்றாள். நான் சிரித்து, முகூர்த்தத்துக்கு வந்திருந்த கனி அண்ணன் சிரித்து, போட்டோக்காரர் கோபித்துக்கொண்டார்.

வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டதாக நினைத்து, சாப்பிடாமல் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன். சாவி கைப்பையில்தான் இருந்தது. பாயசம் போச்சு.

ஏப்ரல் 29, திங்கள்

காலையில் உலகம்மை ஒரு டிபன் டப்பாவோடு வந்தாள். பாயசம் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே இரண்டு விரல்கள். நுனியிலிருந்து பாதி வரை மஞ்சள்.

"திட்டாதீங்கக்கா."

விரலோடு கொடுத்த சீட்டில் முதல் வரியே மஞ்சள் பட்டால் கறை போகாது என்பதுதான். "படிச்சியா, இல்லியா?"

"படிச்சேன். பந்தியில எலையப் போட்டுட்டாவ." தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வருசமா ஒரு விசேசத்துலயும் நான் பந்தியில உக்காரலக்கா. வீட்டுலகூட அடுப்படியில நின்னு கரண்டியில தின்னேன். மூணு வெரல்ல பெசஞ்சா இடுக்கு வழியா ஒழுகும், நாலு பேரு பாப்பாவ. அன்னைக்கு உக்காந்துட்டேன். சாம்பாரு. ரசம். பெறவு மறுபடியும் ரசம். உள்ளங்கையில வாங்கிக் குடிச்சேன்க்கா, ஒரு சொட்டு கீழ போகல!"

அண்ணன் சோப்பு, ஸ்பிரிட் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. நான் நிறமானியை வைத்தேன். மஞ்சள் இருபது பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 41. எண்ணை மென்பொருளில் போட்டதும் திரை முழுக்க ஒரு பொன் மஞ்சள் பரவியது. ஒரு மாத உழைப்பு பாழ் என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நிறத்தை அழிக்காமல் "முப்பிடாதி கல்யாணம்" என்று பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தேன்.

"புதுசாத்தான் ஊத்தணும்," என்றார் அண்ணன்.

"ரெண்டு ஜோடியா ஊத்துங்கண்ணே," என்றேன். "ஒண்ணு போட்டுக்க, ஒண்ணு சாப்பிட."

உலகம்மை முகம் மலர்ந்துவிட்டது. மே பன்னிரண்டில் ஒரு வளைகாப்பாம், அதற்குள் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். படியில் பாதி இறங்கியவள் திரும்ப ஏறி வந்து கதவில் தலையை நீட்டினாள்.

"அக்கா, அந்தத் திங்கிற ஜோடிய மொதல்லயே சாம்பார் கலர்ல ஊத்திருங்க. கவலையில்லாம திம்பேன்லா!"